சத்தமில்லாத கலியாணம்

எனக்குப் பாரிசவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் முதலில் நின்றது குக்கரின் விசில். அடுத்து ரேடியோ. அதன் பிறகு பக்கத்து வளவுப் பிள்ளைகள் சுவரில் பந்தடிப்பது. கடைசியில் மகளின் கலியாணத்தின் வாயையே பொத்திவிட்டார்கள். எல்லாம் எனக்காகத்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குறை என்னுடையது. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன். ஆறாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

நான் பஸ் சாரதியாக இருந்தவன். வீடு ஆரையம்பதியில். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே தலைமயிர் நரைக்கும்வரை ஓட்டியிருக்கிறேன். காத்தான்குடிக் கடைத்தெருவில் ஹோர்ன் அடிக்காமல் ஒரு முழம் நகர முடியாது. ஆகவே, மற்றவர்களைத் திடுக்கிட வைத்தே சம்பளம் வாங்கியவன் என்றும் சொல்லலாம். பென்சனுக்கு வந்த அடுத்த வருடம், ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கை வரவில்லை. நெஞ்சோடு மடங்கி, விரல்களைப் பொத்தி, மிச்சக் காசு கொடுக்க மனமில்லாத கொண்டக்டரின் கை மாதிரி அப்படியே இருந்துவிட்டது. இடது கைக்குக் கியர் மாற்ற மட்டும்தான் தெரியும். இப்போது அதுதான் சோறு குழைக்கிறது, சவரம் செய்கிறது, இதையும் எழுதுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் மனைவி எனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். பருக்கும்போது அவள் தன் வாயையும் சேர்த்துத் திறப்பாள், குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் செய்வதுபோல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நேரம் குசினிக் கூரைத் தகரத்தில் ஒரு தேங்காய் விழுந்தது. என்ன நடந்தது என்று தெரியுமுன் என் வலது கை நெஞ்சிலிருந்து எழும்பி அவள் வாயில் அடித்தது. கோப்பை பறந்தது. அவளுடைய உதடு வெடித்து இரத்தம் வந்தது.

அவளோ இரத்தத்தைத் துடைக்காமல் எழும்பி நின்று கத்தினாள். “கை அசைஞ்சிட்டு! பிள்ள, ஓடி வா, அப்பாட கை அசைஞ்சிட்டு!”

மகள் ஓடி வந்தாள். இருவரும் அந்தக் கையைப் பிடித்துத் தடவி, இன்னொருக்கால் அசையுங்கள் என்று கெஞ்சினார்கள். நான் பல்லைக் கடித்து முக்கினேன். அது பழையபடி மடங்கிக்கொண்டு, எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று கிடந்தது.

நான் கோபக்காரன்தான். கத்துவேன், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவேன், நாட்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் ஒருநாளும் மனைவியை அடித்ததில்லை. அடிக்கவே ஏலாமல் போன பிறகு அடித்துவிட்டேன். வீங்கிய உதட்டோடு அவள் வருகிறவர்கள் எல்லாருக்கும் அதை நல்ல செய்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “அந்தச் சண்டைக் காலத்து ஷெல் சத்தம் மனசில கிடக்கு அண்ணன், அதுதான் பயந்து துள்ளுறீங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நல்ல கை ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அந்தச் சத்தங்களுக்குள்ளால் பஸ் ஓட்டியவன் நான். இப்போது தேங்காய்க்குத் துள்ளுகிறேன்.

கிளினிக்கில் பிசியோதெரபி செய்யும் பிள்ளை, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும், விளக்கமாகச் சொன்னது. “திடீரெண்டு சத்தம் கேட்டா எல்லாருக்கும் உடம்பு துள்ளும் ஐயா. துள்ளினாப்போல மூளை பிடிச்சு நிப்பாட்டிரும். உங்களுக்கு அந்தப் பிடி தளர்ந்து கிடக்கு.”

“பிரேக் பிடிக்காத பஸ்ஸெண்டு சொல்லுறீங்க” என்றேன்.

சிரித்தது. “அப்பிடித்தான் வைங்களன். நடக்கக்குள்ள, சுடுறது ஏதும் பிடிக்கக்குள்ள பக்கத்தில திடீர்ச் சத்தம் வராமப் பாத்துக்கொள்ளுங்க. விழுந்திருவீங்க.”

அது சொன்னது அவ்வளவுதான். நடக்கும்போது, சுடுகிறது பிடிக்கும்போது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் புத்திமதி வளர்ந்து வேறாகிவிட்டது. குக்கர் பரணுக்குப் போனது. கதவிடுக்குகளில் துணி வந்தது. போன்கள் ஊமையாகின. பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவரும் ஓட்டோக்காரன் எங்கள் ஒழுங்கை முனையிலேயே பாட்டை நிறுத்திவிடுவான். அவன் வந்தது தெரியாமல் அந்த ஒழுங்கைக்காரர் பாதிப்பேர் பாண் இல்லாமல் இருந்தார்கள். ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடம்.

எல்லாவற்றிலும் பெரியது என் மனைவியின் குரவை. எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டதில் நல்லது எதற்கும் பெண்கள் குரவை போடாமல் இருக்க மாட்டார்கள். அம்மன் கோயில் சடங்கோ, கலியாணமோ, நாக்கைச் சுழற்றி அவர்கள் எழுப்பும் அந்த ஒலி இல்லாவிட்டால் காரியம் நடந்ததாகவே கணக்கில்லை. அதில் என் மனைவி பேர் பெற்றவள். அவள் தொடங்கினால் மற்றவர்கள் மூச்சு முட்டி நிறுத்திய பிறகும் அவளுடையது தனியாகப் போய்க்கொண்டிருக்கும். நான் விழுந்த பிறகு அவள் குரவை போடவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு, “தொண்டை சரியில்ல கா” என்றாளாம். அவள் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். போடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வீடு எனக்காக அடங்கிக் கிடந்தது உள்ளூரச் சுகமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

இந்த நேரத்தில் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. ஒரே பிள்ளை. எங்கள் ஊர்களில் பெண்ணை அனுப்பிவைப்பதில்லை. வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை உள்ளே எடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். மகள் எங்கும் போகப்போவதில்லை. போகிறவர்கள் நாங்கள்தான், அதுவும் குசினியைத் தாண்டிக் கிணற்றடி வரைக்கும். ஆகவே தகப்பன் பெண்ணைக் கொடுக்கிறான் என்று சொல்ல எங்களுக்கு இருப்பது கன்னிகாதானம் என்ற அந்த ஒரு கணம்தான். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும்; தாய் தண்ணீர் வார்ப்பாள். வலது கையால் வைக்க வேண்டும்.

குருக்கள் பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். தகப்பனுக்கு ஏலாவிட்டால் தாய்மாமனும் மனைவியும் இருந்து செய்யலாம். மகள் கேட்கவே மாட்டேன் என்றாள். “அப்பாட கையாலதான். மடங்கின கையெண்டாலும் அந்தக் கைதான்.”

அதற்காகப் பழகினேன். இடது கையால் வலது மணிக்கட்டை அடியில் தாங்கித் தூக்கி, முன்னுக்குக் கொண்டுபோய், மெல்ல வைக்க வேண்டும். தினமும் பின்னேரம் மனைவி எனக்கு முன்னால் மாப்பிள்ளையாக இருப்பாள். சுருட்டிய துவாய்தான் மகளின் கை.

“மாப்பிள்ளைக்கு மீசை ஒண்டுதான் குறை” என்பேன்.

“மாமனுக்குக் கை ஒண்டுதான் குறை” என்பாள். எங்கள் கலியாணக் காலத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு சிரித்தது அந்தப் பின்னேரங்களில்தான். வைக்கவும் பழகிவிட்டேன், ஒரு சத்தமும் இல்லாவிட்டால்.

கலியாண வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்குமா? கன்னிகாதானம் நடக்கும்போதுதான் மேளம் உச்சத்துக்குப் போகும், ரோட்டில் வெடி கொளுத்துவார்கள், பெண்கள் குரவை போடுவார்கள். அந்த நேரம் கை துள்ளி மகளின் முகத்தில் பட்டால்? மனைவியின் வெடித்த உதடு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே மகள் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டாள். வெடி இல்லை. குரவை இல்லை. மேளம் மெல்ல. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

கலியாணம் எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலில். காலையில் மாப்பிள்ளையின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் கரடியனாற்றுப் பக்கத்து வயல்காரர்கள், நல்ல குரல் உள்ள சனம். வாசலில் கால் வைத்ததும் ஒரு பெண் பழக்கத்தில் குரவையைத் தொடங்கிவிட்டாள். எங்கள் பக்கத்து நாலைந்து பெண்கள் ஓடிப்போய் அவளுடைய வாயைப் பொத்தாத குறையாக நிறுத்தினார்கள். அந்த மனுசி குற்றம் செய்தவள் மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேளகாரர் கைக்குட்டையைத் தவிலில் போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளைக்கூடத் தாய்மார் மடியில் அமத்தி வைத்திருந்தார்கள். நான் உள் விறாந்தையில் வேட்டி கட்டி, பட்டுச் சால்வை போட்டுக் கதிரையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாப்பிள்ளை பக்கத்து வயதான மனுசி ஒருத்தி, நான் இருப்பது தெரியாமல், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “செத்த வீட்டிலயும் பறை அடிப்பாங்க. இதென்ன கலியாணம் கா?”

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் அது உள்ளே போய் இறங்கியது. என் ஒரே பிள்ளையின் கலியாணத்தை நான் செத்த வீட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டேன் என்று தோன்றியது. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு வெட்கம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மகள் மணவறைக்கு வந்துவிட்டாள். குருக்கள் எங்களைக் கூப்பிட்டார். நான் மனைவியின் தமையனைக் கிட்டக் கூப்பிட்டு, “தலை சுத்துது மச்சான். நீயும் பெண்சாதியும் போய் இரிங்க” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். “தலை சுத்தயில்ல உங்களுக்கு. பொய் சொல்லாதீங்க.”

“நேரம் போகுது. அவங்களை இருக்கச் சொல்லு. மேளத்தையும் நல்லா அடிக்கச் சொல்லு.”

“பிள்ள பாத்துக்கொண்டிருக்கு. நான் பக்கத்தில இருக்கிறன்தானே. வாங்க.”

நான் எழும்பி, பொல்லை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்குள்ளால் குசினிப் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழும்பினால் அவளுக்கும் அந்த இடம் இல்லை என்பது எனக்கு அந்த நேரம் நினைவிலேயே வரவில்லை. புருசன் இல்லாமல் அவள் மட்டும் மணவறையில் இருந்து தண்ணீர் வார்க்க முறையில்லை. பெற்று வளர்த்தவளின் செம்பைத் தமையன் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

குசினிக் கோடியில் சமையல்காரர்கூட இல்லை. எல்லாரும் பார்க்க முன்னுக்குப் போய்விட்டார்கள். பெரிய கிடாரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஸ்பீக்கரில் குருக்களின் மந்திரம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு நாள் பழகிய பழக்கம் சும்மா இருக்க விடுமா? வெற்றிலை வைக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது பிள்ளையின் கையை எடுக்க வேண்டும். இப்போது முன்னுக்கு நீட்ட வேண்டும். இடது கை பொல்லில் இருந்தது. மனம் மட்டும் வலது கையைத் தூக்க ஆயத்தமாகி நின்றது.

மேளம் வெடித்தது. ரோட்டில் வெடி தொடங்கியது; யார் எங்கிருந்து எடுத்தார்களோ தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரவை எழும்பியது. அது யாருடையது என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. மணவறையில் இடம் இல்லாமல் போனவள் பெண்களோடு நின்று, இவ்வளவு நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து விட்டாள். என் வலது கை நெஞ்சை விட்டு எழும்பியது. துள்ளவில்லை, வீசவில்லை. பழகிய பாதையிலே முன்னுக்குப் போய் நீண்டு நின்றது. பொத்திக் கிடந்த விரல்கள் பாதிக்கு மேல் விரிந்தன. ஒரு கையை எடுத்து இன்னொரு கையில் வைக்கிறவனின் கை எப்படி இருக்குமோ அப்படி. முன்னால் இருந்தது சாம்பார்க் கிடாரம்.

பிறகு அது மடங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நான் அழுதேன். சந்தோசம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மனைவிக்கு அன்றே சொல்லிவிட்டேன். அவள் அந்தக் கையைத் தடவினாள். அடுத்த கிளினிக்குக்கு இருவரும் போனபோது பிசியோப் பிள்ளையிடம் வீட்டைச் சத்தமில்லாமல் வைத்திருந்ததையும் அன்று நடந்ததையும் சொன்னேன், எங்கே இருந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டு. அதற்குக் கண் விரிந்தது.

“ஐயா, நீங்க உள்ளுக்குள்ள கையை நீட்ட ஆயத்தமா இருந்திருக்கீங்க. அந்த நேரம் பெரிய சத்தம் வந்தா, ஆயத்தமா நிக்கிற அசைவு வேற பாதையால வெளிய வந்திரும். உங்களுக்கு வழமையான பாதைதான் பழுது.”

“பாலம் உடைஞ்சா ஊருக்குள்ளால சுத்திப் போறது மாதிரி.”

“ஓம். எல்லாருக்கும் எல்லா நேரமும் வராது. இதை நம்பி வீட்டில பட்டாசு கொளுத்திராதீங்க.”

“அப்ப அண்டைக்கு இவட வாயில அடிச்சது?”

“அண்டைக்கு நீங்க என்ன செய்ய நினைச்சுக்கொண்டிருந்தீங்க?”

யோசித்தேன். அந்தத் திறந்த வாயைப் பார்த்து எரிச்சல்பட்டு, கோப்பையைப் பறித்து நானே குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை கோப்பைக்குத்தான் போயிருக்கிறது. வாய் குறுக்கே வந்துவிட்டது. மனதில் இருந்து ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அது இறங்கி முடியுமுன் மனைவி கேட்டாள்:

“அப்ப இவர் மணவறையில இருந்திருந்தா, அந்தச் சத்தத்துக்கு?”

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? “உறுதியாச் சொல்ல ஏலாது அம்மா. ஆனா அங்க இருந்திருந்தா இன்னும் நல்லா நீண்டிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்” என்றது. “அதுசரி, வீட்டில எல்லாச் சத்தத்தையும் நிப்பாட்டச் சொன்னது ஆரு?”

நான் பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பினேன். திரும்பி வரும்போது ஓட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை மனைவி வாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நம்மட பிள்ளைக்கிட்டச் சொல்லிராதீங்க” என்றாள். என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன கிழமை கலியாண வீடியோ வந்தது. மகள் எங்களை முன்வீட்டுக்குக் கூப்பிட்டாள். மருமகன் எனக்காக டீவிக்கு நேரே கதிரையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். படம் தொடங்கியதும் மகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டாள்.

“விடு பிள்ள, கேக்கட்டும்” என்றேன்.

“வேணாம் அப்பா, உங்களுக்குத் தூக்கிப் போடும். சும்மா பாப்பம்.”

சத்தம் இல்லாமல் பார்த்தோம். மேளகாரரின் கை தவிலில் பேய் மாதிரி விழுந்தது. என் மனைவி பெண்களுக்கு நடுவே கண்ணை மூடி வாயைத் திறந்து நின்றாள். மச்சான் என் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்; அவர் பெண்சாதி தண்ணீர் வார்த்தாள். கெமராக்காரன் அந்த நேரம் பார்த்து மகளின் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்திருந்தான். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி வீட்டுப் பக்கம், நான் உள்ளே போன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வார்த்து முடியும்வரை அவளுடைய கண் அங்கேதான் இருந்தது.

“எங்க பாத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உங்களைத்தான்” என்றாள் மகள், டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “கடைசி நேரத்திலயாவது வந்திருவீங்க எண்டு நினைச்சன்.”

மனைவி எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். அந்த நேரத்தில், அந்த வாசலுக்கு நேரே உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால் என் கை மகளுக்காக நீண்டிருந்தது என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.